தம்பதி ஒப்பந்த மன்றத்தின் முதல் ஒப்பந்தம்

கணவன் மனைவிக்குள் சொத்துத் தகராறு வருவதற்கு முன்பே அதை எழுத்தில் தீர்த்து வைத்துவிட வேண்டும் என்ற உயர்ந்த நோக்கத்துடன் பம்பாய் மாதுங்காவில் தம்பதி ஒப்பந்த மன்றம் தொடங்கப்பட்டு அப்போது ஆறு வருஷம் ஆகியிருந்தது. இந்த ஆறு வருஷமும் மன்றம் ஞாயிறு தவறாமல் கூடியது. மூன்று முத்திரைகள் செய்தது, அவற்றில் ஒன்று பித்தளை. விதிகள் எழுத ஒரு குழு அமைத்து, விதிகள் சரியில்லை என்று குழுவைக் கலைத்து, கலைத்தது செல்லுமா என்று பார்க்க இன்னொரு குழு அமைத்தது. தம்பதிகள்தான் யாரும் வரவில்லை. தலைவர் கே. எஸ். சங்கரன் ஆண்டறிக்கையில் வருஷா வருஷம், "மன்றத்தின் செல்வாக்கினால் தகராறுகள் வெகுவாகக் குறைந்திருப்பது கண்கூடு" என்று எழுதிவந்தார்.

ஆகவே 1967 டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு, தாராவியிலிருந்து அய்யாத்துரையும் அவன் மனைவி பேராச்சியும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தபோது மன்றம் திகைத்துப் போய்விட்டது. மன்றம் என்றால் சங்கரன் வீட்டு முன்னறை. அதில் ஒரு மேஜை, ஒரு டைப்ரைட்டர், டைப்ரைட்டருக்குப் பின்னால் செயலாளர் இன்னாசிமுத்து.

"குழாய் ரிப்பேர்னா பின்பக்கம் போங்க," என்றார் இன்னாசிமுத்து.

"ரிப்பேர் இல்லய்யா. ஒப்பந்தம் எழுதணும்," என்றான் அய்யாத்துரை.

இன்னாசிமுத்து குர்லாவில் குடியிருந்தார். வாரம் ஆறு நாள் ஒரு ஆபீசில் டைப் அடித்தார். ஏழாவது நாள் பொதுநலத்துக்காக அடித்தார். ஆறு வருஷமாகக் கூட்ட அறிவிப்பு மட்டுமே அடித்த விரல்கள் அவருக்கு. எழுந்து நின்று, "சார், தம்பதி," என்று உள்பக்கம் பார்த்துச் சொன்னார்.

விஷயம் சிறியது. பேராச்சி பதினோரு ஒண்டிக்கட்டைத் தொழிலாளர்களுக்கு இரண்டு வேளையும் சோறு பொங்கிப் போட்டுவந்தாள். அந்த வருமானத்தில் சேர்த்துத்தான் தாராவியில் வரிசை அறைகள் கொண்ட ஒரு சாலில் ஒன்பதாம் நம்பர் ரூமுக்கு, குடியிருக்கவும் கைமாற்றவும் உரிமை தரும் பக்டிப் பணம் கட்டி, உள்ளே நுழைந்தார்கள். பணம் கட்டின அன்றைக்கு அவளுக்கு உலை கொதித்துக்கொண்டிருந்தது. ரசீது வாங்க அய்யாத்துரை போனான். ரசீது அய்யாத்துரை பெயரில் வந்தது. ஏழு வருஷம் யாருக்கும் அது ஒரு விஷயமாகத் தோன்றவில்லை.

போன மாதம் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து அய்யாத்துரையின் அண்ணன் பூதத்தான் கடிதம் போட்டிருந்தார். தை பிறந்ததும் பம்பாய் வருவதாகவும், தம்பி ரூமை விற்று ஊரில் தம் பெயரில் காரை வீடு கட்டப்போவதாகவும், விலை பேசி வைக்கும்படியும் அதில் இருந்தது. நலமா என்று விசாரிக்க இடம் போதவில்லை போலும்.

"எங்கண்ணன் நேருக்கு நேரா கேட்டா எனக்கு மாட்டேன்னு சொல்ல வராதுய்யா," என்றான் அய்யாத்துரை. தோல் கிட்டங்கியில் மூட்டை சுமக்கிற ஆள். தோள் இரண்டும் கதவை அடைத்தாற்போல் இருந்தன. "சின்னதுலேருந்தே அப்படி ஆயிப்போச்சு. அதுக்குத்தான் அவுக வாரதுக்குள்ள இவ பேருக்கு மாத்திரணும். தரமாட்டேன்னு சொல்ல வேண்டாம், ஏங்கிட்ட இல்லன்னு சொன்னாப் போதும்லா."

"வாடகை வசூல் பண்ணுத சலாவுதீன் பாய்ட்ட கேட்டாச்சு," என்றாள் பேராச்சி. "ரெண்டு பேரும் ஒப்புக்கிட்டதா ஒரு காகஸ் கொண்டா, ரசீதை ஒம்பேருக்குப் போட்டுத் தாரேன்னாரு. முத்திரை இருந்தா நல்லதுன்னாரு."

சங்கரன் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். பேனா மூடியைத் திருகித் திறந்தார்.

"சரி. தகராறு என்ன?"

"தகராறு ஒண்ணுமில்லய்யா. ரெண்டு பேருக்கும் சம்மதம்."

சங்கரன் மூடியை மறுபடியும் போட்டார்.

"இன்னாசி, பாத்தியா. நம்ம ஜனங்களோட அறியாமை இதான். ரெண்டு பேருக்கும் சம்மதம்னா அது ஒப்பந்தம் இல்லைப்பா, வெறும் பேச்சு. ஒருத்தன் இழுக்கணும், ஒருத்தி பிடிக்கணும், நடுவிலே நாங்க நிக்கணும். நாங்க நிக்கறதுக்கு இடமே இல்லேன்னா, அப்புறம் நாங்க எதுக்கு?"

கேள்வி நல்ல கேள்விதான்.

மன்றத்தின் விண்ணப்பத்தில் ஏழாவது கட்டம் 'தகராறின் தன்மை'. பதினாலாம் விதிப்படி எந்தக் கட்டத்தையும் காலியாக விடக்கூடாது. ஆகையால் ஒரு வாரத்துக்குள் தகராறு ஒன்றை உண்டாக்கி, அக்கம்பக்கத்துச் சாட்சி ஒருவருடைய ரேகையுடன் அடுத்த ஞாயிறு வரும்படி தம்பதிக்குக் கருணையோடு தவணை வழங்கப்பட்டது.

திங்கள் முதல் வெள்ளி வரை சண்டைக்கு நேரம் கிடைக்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம், பதினோரு பேரும் தட்டு முன்னால் உட்கார்ந்திருக்கையில் பேராச்சி கரண்டியோடு நின்று, "ஏங்க, ஏதாவது குத்தம் சொல்லுங்க," என்றாள்.

"என்னத்தச் சொல்ல?"

"கொழம்புல உப்பில்லன்னு சொல்லுங்க."

அய்யாத்துரை ஒரு வாய் போட்டுப் பார்த்தான். "இருக்கே."

"இல்லன்னு சொல்லுங்கன்னுதான சொல்லுதேன்."

"இருக்கத எப்படிளா இல்லன்னு சொல்ல?"

சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவன் உதவி செய்ய நினைத்து, "ரசம் தண்ணியா இருக்குன்னு சொல்லுங்க அண்ணாச்சி," என்றான். அவ்வளவுதான். பேராச்சி அவன் பக்கம் திரும்பி, யார் ரசம் தண்ணி, எந்த ஊரில் ரசம் கட்டியாக இருக்கும், அவன் ஆத்தா வைக்கிற ரசத்தைச் சந்தியில் நிற்கும் எருமை குடிக்குமா என்று முக்கால் மணி நேரம் கேட்டாள். அருமையான சண்டை. ஆனால் அவன் கணவன் அல்லாததால் ஏழாவது கட்டத்தில் அதை எழுத முடியவில்லை.

கடைசியில் பக்கத்து ரூம் முப்பிடாதியம்மாள் மனமிரங்கி ரேகை வைத்தாள். அவள் சொல்லச் சொல்ல எழுதிய வாக்குமூலம் இது: "இவர்கள் இருவருக்கும் மனத்தாங்கல் உண்டு. போன ஞாயிற்றுக்கிழமை சேலை மாற்றிக்கொண்டு இரண்டு பேருமாக எங்கோ போனார்கள். என்னை ஒரு வார்த்தை கூப்பிடவில்லை."

மன்றம் இதைத் திருப்தியுடன் ஏற்றது.

இரண்டாவது ஞாயிறு இருபத்திரண்டாம் விதி வந்தது. முதல் தரப்பானவர் இரண்டாம் தரப்பின் பெயரைத் தம் வாயால், மன்றத்தின் முன்னிலையில், தெளிவாகச் சொல்ல வேண்டும்.

"சொல்லும்மா. ரூமை உனக்கு எழுதிக் கொடுக்கறவன் பேர் என்ன?" என்றார் சங்கரன்.

பேராச்சி பக்கத்தில் கையைக் காட்டினாள். "இவியதான்."

"இவியன்னா யாரு?"

"எங்க வீட்டுக்காரவிய."

"பம்பாய்லே லட்சம் வீட்டுக்காராள் இருக்கா. பேர் சொல்லணும்."

"ரேசன் கார்டுல இருக்குய்யா. பாத்து எழுதிக்கிடுங்க."

"கார்டு சொல்லப்படாது. நீ சொல்லணும்."

பேராச்சி அரண்டு போனாள். புருசன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று அவள் அம்மா சொன்னதில்லை, சொல்லவே வேண்டியிருக்கவில்லை. ஊரில் எந்தப் பெண்ணும் புருசன் பெயரைச் சொன்னதில்லை, அவளும் சொன்னதில்லை. "கட்டின புருசன் பேர பொம்பள எப்படிய்யா சொல்லுவா?"

"எம்பேரு—" என்று தொடங்கினான் அய்யாத்துரை.

"பேசப்படாது. தூண்டுதல்," என்றார் சங்கரன். இன்னாசிமுத்து 'தூண்டுதல்: ஒன்று' என்று அடித்துக்கொண்டார்.

"எழுதிக் காட்டுதேன். எனக்கு எழுதத் தெரியும்."

"வாயால்னு போட்டிருக்கும்மா. கையாலன்னு போடலை."

பிறகு சங்கரன் எழுந்து நின்று பேசினார். எதிரில் இருந்தது இரண்டு பேர்தான் என்றாலும் ஜன்னல் வரை பார்த்துப் பேசினார். "இது என்ன காலம்? சந்திரனுக்கு ராக்கெட் விடறா. இன்னும் நம்ம ஸ்திரீகள் புருஷன் பேரைச் சொல்லக் கூசிண்டு நிக்கறா. இந்த அடிமைத்தனம் போகணும். ஸ்திரீகள் வாயைத் திறக்கணும். அதுக்குத்தான் இந்த மன்றம். அடியே, காப்பி எங்கே?"

அவர் மனைவி மீனாட்சியம்மாள் நாலு தம்ளர் காப்பியோடு வந்தாள். இன்னாசிமுத்து நல்ல எண்ணத்துடன்தான் கேட்டார்: "மாமியே ஒரு எடுத்துக்காட்டு காட்டட்டுமே சார். மாமி, நம்ம தலைவர் பேர் என்ன, சொல்லுங்க."

மீனாட்சியம்மாள் தட்டை மேஜைமேல் வைத்தாள். புருஷனைப் பார்த்தாள். "பால் பொங்கறது," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

"அவளுக்குச் சொல்ல அவசியம் வந்ததில்லை," என்றார் சங்கரன், காப்பியை ஆற்றியபடி. "எல்லாம் என் பேர்லே தெளிவா இருக்கு. இந்த ஃப்ளாட் அவ அப்பா கொடுத்தது, என் பேர்லே இருக்கு. பாங்க் கணக்கு என் பேர்லே. அவ நகை என் லாக்கர்லே. இருபத்தெட்டு வருஷத்திலே அவ ஒரு காகிதத்திலே கையெழுத்துப் போட்டதில்லை. இது ஏன்னு ஒரு நாள் கேட்டதில்லை. எங்களுக்குள்ளே ஒரு தகராறு உண்டா? இந்த மாதிரி ஒரு அனுபவம் இருக்கறதாலேதான் என்னைத் தலைவராப் போட்டிருக்கா."

அன்றைய நடவடிக்கைக் குறிப்பில் இப்படிப் பதிவாயிற்று: 'பேராச்சி என்பவர் தம் கணவர் எனப்படுபவரின் பெயரை அறியார். ஆகவே மேற்படி அறையுடன் இவருக்குள்ள சம்பந்தம் நிரூபணமாகவில்லை. விசாரணை தொடரும்.'

சம்பந்தம் நிரூபணமாகாதவருக்காக விசாரணை ஏன் தொடர வேண்டும் என்று அய்யாத்துரைக்குப் புரியவில்லை. ஆனால் மூன்று முத்திரையும் குத்தியிருந்தார்கள். மூன்று முத்திரை குத்திய காகிதத்தில் தப்பு இருக்காது என்று நினைத்தான். தாராவியில் யாருமே அப்படித்தான் நினைப்பார்கள். மாதுங்காவுக்கு அது தெரியும்.

மூன்றாவது ஞாயிறு மன்றம், கணவன்மேல் மனைவிக்குள்ள செல்வாக்கைப் பற்றிக் கவலைப்பட்டது. மனைவி பொங்கிப் போடும் சோற்றைத் தின்றுவிட்டு மனைவிக்கு எழுதிக் கொடுத்தால் அது சுயேச்சையான கையெழுத்தா? அல்ல. மேலும் எதிரெதிர்த் தரப்புகளுக்கு ஒரே விலாசம் இருந்தால் மன்றம் அனுப்பும் நோட்டீஸை யார் யாருக்கு எதிராக வாங்குவது? ஆகவே அய்யாத்துரை தனி விலாசத்துக்குப் போய்ப் பதினைந்து நாள் இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. அவன் பாயைச் சுருட்டிக்கொண்டு, கூட வேலை பார்க்கும் சந்தியாகுவின் குடிசைக்கு ஆண்டாப் ஹில் போனான். பேராச்சி இரண்டு நாள் தூக்குச்சட்டியில் சோறு கொடுத்தனுப்பினாள். மூன்றாம் நாள் இன்னாசிமுத்துவிடமிருந்து ஐந்து நகல்களுடன் கடிதம் வந்தது: 'தூக்குச்சட்டி செல்வாக்காகக் கருதப்படும்.'

அதைவிடப் பெரிய காரியம் ஒன்றும் அன்று நடந்தது. முப்பத்தோராம் விதி, அக்கறையுள்ளோர் ஆட்சேபம்.

"இந்த ரூம் விஷயத்திலே வேற யாருக்காவது அக்கறை உண்டா?" என்று கேட்டார் சங்கரன்.

அய்யாத்துரை பொய் சொல்லத் தெரியாதவன். "எங்கண்ணன் ஒருத்தருக்குத்தான்ய்யா."

"விலாசம்?"

அய்யாத்துரை சொன்னான். பேராச்சி பதறிப்போய், "அய்யா, அவருக்குத் தெரியாம முடிக்கணும்னுதான இங்க வந்தோம்," என்றாள்.

"தெரியாம முடிச்சா அது மோசடிம்மா. தெரிவிச்சுட்டு முடிச்சா அதுக்குப் பேர் சட்டம்."

"தெரிஞ்சா முடிக்க முடியாதேய்யா."

"முடியறதும் முடியாததும் மன்றத்தோட பொறுப்பில்லை. முறையா நடந்துதா, அதைத்தான் நாங்க பாப்போம்."

பூதத்தானுக்கு ரிஜிஸ்தர் தபாலில் நோட்டீஸ் போயிற்று. அவருடைய தம்பி தன் அறையை மனைவிக்கு எழுதிக் கொடுக்க உத்தேசித்திருக்கிறான் என்றும், இதில் அவருக்கு ஆட்சேபம் இருந்தால் உடனே தெரிவிக்கலாம் என்றும், தம்பி இப்போது மனைவியைப் பிரிந்து கீழ்க்கண்ட ஆண்டாப் ஹில் விலாசத்தில் தனியாக இருக்கிறான் என்றும் அதில் விவரமாக எழுதியிருந்தது. ஊர் தெரியாதவர் கஷ்டப்படக்கூடாது என்று இறங்க வேண்டிய பஸ் நம்பரையும் இன்னாசிமுத்து சேர்த்திருந்தார்.

பூதத்தான் தை பிறக்கக் காத்திருக்கவில்லை. எட்டாம் நாள் சந்தியாகுவின் குடிசை வாசலில் வந்து டிரங்குப் பெட்டியை இறக்கினார். அங்கே மூன்று நாள் தங்கினார். அந்த மூன்று நாளில் என்ன பேசினார் என்று பிறகு பேராச்சி கேட்டபோது சந்தியாகு சொன்னான்:

"ஒண்ணும் பேசலக்கா. காலையில எந்திரிச்ச ஒடனே 'ஏலே, நீ எனக்குத் தம்பிதான'ம்பாரு. 'ஆமாண்ணே'ம்பான் இவன். சாயங்காலம் திருப்பியும் அதே கேப்பாரு. மூணு நாளும் இதான். நீ பக்கத்துல இருந்தா ஒரு மொறை மொறைச்சிருப்ப. எனக்கு மொறைக்க வரல."

டிசம்பர் முப்பத்தொன்று, அந்த மாதத்தின் ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை, மன்றத்தின் வரலாற்றில் ஒரு திருநாள். பூதத்தான் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மேஜைக்கு முன்னால் நின்றார். தம் பெயர், தகப்பனார் பெயர், தம்பி பெயர், தம்பி பெண்டாட்டி பெயர், கிராமம், தாலுகா எல்லாவற்றையும் தம் வாயால் தெளிவாகச் சொன்னார். ஒரு இடத்திலும் திக்கவில்லை.

"ஏழாவது கட்டம். தகராறின் தன்மை?" என்று கேட்டார் இன்னாசிமுத்து, விரல்களை டைப்ரைட்டர்மேல் தயாராக வைத்துக்கொண்டு.

"தகராறு உண்டு," என்றார் பூதத்தான். "ரூம் எனக்கு வேணும்."

சங்கரன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஆறு வருஷத்தில் விண்ணப்பத்தை முழுசாக நிரப்பிய முதல் மனிதரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாசி, எவ்வளவு சுத்தமான தரப்பு பாத்தியா," என்றார். டைப்ரைட்டர் ஓடத் தொடங்கியது. தம்பி அண்ணனுக்கு அறையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் பதினாலு பக்கம், ஐந்து நகல். இது தம்பதி ஒப்பந்தம் இல்லையே என்ற சந்தேகம் இன்னாசிமுத்துவுக்கு நாலாம் பக்கத்தில் வந்தது. இருவரும் திருமணமானவர்கள் என்பதால் விதிக்கு விரோதமில்லை என்று சங்கரன் தீர்ப்பளித்தார்.

பேராச்சி சுவர் ஓரத்தில் நின்றிருந்தாள். "அய்யா, அது பதினோரு பேருக்குப் பொங்கிப் போட்டு நான் வாங்கின ரூம். இவியகிட்ட கேளுங்க. ஏங்க, சொல்லுங்க."

அய்யாத்துரை தரையைப் பார்த்தான். "அண்ணன் கேக்காவல்லா," என்றான்.

"நான் கேக்கது காதுல விழலையா?"

பேராச்சி மேஜை பக்கம் வந்தாள். இரண்டு கையையும் மேஜைமேல் ஊன்றினாள். "அய்யாத்துரை," என்றாள். டைப்ரைட்டர் நின்றது. "எம்புருசன் பேரு அய்யாத்துரை. எழுதிக்கிடுங்க. சுடலைமுத்து மகன் அய்யாத்துரை. நான் அவரு பெண்டாட்டி. ரூம் என்னுது."

அய்யாத்துரை, யாரோ முதுகில் அடித்ததுபோல் குலுங்கினான். பூதத்தானே கொஞ்சம் பின்வாங்கினார். உள்வாசலில் மீனாட்சியம்மாள் வந்து நின்றாள்.

சங்கரன் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பேஷ். தெளிவாத்தான் சொல்றே. ஆனா இதை இரண்டாவது கூட்டத்திலே சொல்லியிருக்கணும். அந்தப் பதிவு முடிஞ்சாச்சு. பதிவுப்படி உனக்கும் இந்த ரூமுக்கும் சம்பந்தமில்லை." சற்று யோசித்து முகம் மலர்ந்தார். "அதனாலே நீ சாட்சிக் கையெழுத்துப் போடலாம். எந்தப் பக்கமும் சாயாத சாட்சி கிடைக்கறதுதான் கஷ்டம்."

பேராச்சி பேனாவை வாங்கவில்லை.

"சரி, கட்டாயமில்லை. அடியே, நீ வந்து ஒரு கையெழுத்துப் போடு. உனக்கும் இதிலே சம்பந்தம் கிடையாது."

"எனக்குச் சம்பந்தம் உண்டு," என்றாள் மீனாட்சியம்மாள். "நான் போடமாட்டேன்." சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இந்த வாக்கியம் நடவடிக்கைக் குறிப்பில் சேர்க்கப்படவில்லை. அன்று இரண்டாவது காப்பியும் வரவில்லை. சாட்சிக் கையெழுத்தை இன்னாசிமுத்துவே போட்டார்.

சலாவுதீன் பாய் பதினாலு பக்கத்தையும் புரட்டினார். படிக்கத் தெரியாது, முத்திரைகளை எண்ணினார். "ஏம்மா, நீதான காகஸ் கொண்டாறேன்னே. இதுல உன் பேரே இல்லேங்கறாங்களே," என்றார். "நான் என்ன செய்ய? மூணு சிக்கா குத்தியிருக்கு. இல்லேன்னா கட்டடத்துச் சொந்தக்கார சேட் என்னைத்தான் கேப்பான்." ரசீது பூதத்தான் பெயருக்கு மாறிற்று.

பூதத்தான் அறையை விற்கவில்லை. வந்த விலை அவர் மனசில் இருந்த காரை வீட்டுக்குப் போதவில்லை. அதற்குப் பதிலாக, உள்ளே இருப்பவர்களையே குடியிருக்கச் சொல்லி, சலாவுதீனுக்குக் கட்டும் வாடகை போக மாதம் பதினைந்து ரூபாய் ஊருக்கு மணியார்டர் அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டு ரயிலேறினார்.

அய்யாத்துரை பாயோடு திரும்பி வந்தான். பேராச்சி அவனைப் போ என்று சொல்லவில்லை. பதினோரு தட்டோடு பன்னிரண்டாவது தட்டு வைத்தாள். மற்றவர்களிடம் வாங்குவதுபோல் அவனிடமும் மாதம் முதல் தேதி சாப்பாட்டுக் காசு வாங்கினாள். "அய்யாத்துரை, தட்டைக் கழுவி வையி," என்று அவள் முதல் தடவை சொன்னபோது பதினோரு பேரும் சாப்பாட்டை நிறுத்தினார்கள். ஒரு வாரத்தில் பழகிவிட்டது.

மன்றத்தின் அவ்வாண்டு அறிக்கையில் சங்கரன் எழுதினார்:

'இவ்வாண்டு நிறைவேறிய ஒப்பந்தம் ஒன்று. தாராவியைச் சேர்ந்த பேராச்சி என்ற ஏழைப் பெண், தாம் வசிக்கும் அறையின் ரசீது தம் பெயரில் வர வேண்டும் என்ற ஆசையுடன் மன்றத்தை நாடி வந்தார். அந்த ஆசை நிறைவேறியது. அறையின் சொந்தக்காரராகிய திரு. பூதத்தான், வாடகை பெற்றுக்கொண்டதற்கான ரசீதை இப்போது மாதந்தோறும் அவர் பெயருக்கே அனுப்பிவருகிறார்.'